ரெண்டு கிளாஸ்

"ஒரு நாளைக்கு எவ்வளவு?"
ஓல்ட்டன் ஆஸ்பத்திரி. டொக்டர் என்னைத்தான் பார்க்கிறா.
"ரெண்டு கிளாஸ் எண்டு சொல்லு பிள்ளை."

சனிக்கிழமைகளில் போத்தல் கொண்டுபோவது நான்.
வெள்ளைக்கொரு துளை, பச்சைக்கொன்று, மண்ணிறத்துக்கொன்று.
ஞாயிறு போட்டால் தண்டம்.
கையை உள்ளே விட்டு
மெல்லத்தான் விடுவேன்;
உடைகிறது, தெரு முழுக்க.
எண்ணக்கூடாது என்றுதான் போவேன்.
எண்ணிவிடுவேன்.

ஈரலுக்கு டொச்சில் என்ன சொல்?
பள்ளியில் இன்னும் வரவில்லை.
நானே தேடி வைத்திருந்தேன்.

"நொய்ன்," என்றேன்.
பேனை நின்றது.

அப்பாவுக்கு டொச் தெரியாது.
பதினேழு வருசம் ரெஸ்ரோறன்ற் குசினியில்
பிடிபட்டதெல்லாம் நன்றி, கெதியா,
பிறகு மேசை இலக்கங்கள்.
ஒன்பதாம் மேசை யன்னலோரம் என்று
ஒருமுறை சொல்லியிருக்கிறார்.

குனிந்து சப்பாத்து நாடா கட்டப் பார்த்தார்.
விரல் நிற்கவில்லை.
நான் கட்டிவிட்டேன்.