ரசமட்டம்

இந்தப் பள்ளிக்கூடத்துக்கு
நான் போட்ட மட்டம் கொஞ்சநஞ்சமல்ல.
ஆறாம் வகுப்பில் கண்மாய்க்குக் குளிக்கப் போனவன்
அப்படியே கையாள் வேலைக்குப் போய்விட்டேன்.
இப்போது அதே வாசலில்
ரசமட்டம் பிடித்துக் குந்தியிருக்கிறேன்.

செக்கானூரணிக்கு மேற்கே,
தார் ரோடு முடிந்து சரளை தொடங்கும் இடம்.
மூன்று படி. இரண்டடி உயரம்.
காண்டிராக்டர் காலால் அளந்தார்:
"ஏழடியில முடி. மஞ்சப் பெயிண்ட் அடி.
திங்கக்கிழமைக்குள்ள போட்டோ போகணும்."
முடித்தேன். பொய் சொல்வானேன்,
கண்ணாடி மாதிரி தேய்த்திருந்தேன்.
பாராட்டவும் செய்தார்கள்.

மறுநாள் கூலிப் பாக்கி கேட்கப் போனபோது
சாயங்கால மணி அடித்தது.
மாதங்கியை அன்றுதான் பார்த்தேன்.
அம்மா இடுப்பிலேயே அஞ்சு வகுப்பு முடித்தவள்.
அதன் பிறகு இவள் வளர்ந்தாள்,
அம்மாவின் இடுப்பு வளரவில்லை.
போன வருஷம் முழுக்க
வருகைப் பதிவேட்டில் மட்டும் படித்தாள்.

சக்கர நாற்காலியைப் பின்னால் பிடித்து
இரண்டு பையன்கள் இறக்கினார்கள்.
பாதியில் அவர்கள் செருப்பு வழுக்க
நாற்காலி தன்பாட்டுக்கு ஓடி வந்தது.
எஸ்தர் டீச்சர் குறுக்கே விழுந்து
முழங்காலால் நிறுத்தினார்.
பிள்ளைக்கு அடியில்லை.
தண்ணீர் பாட்டில் மட்டும் உருண்டு
என் காலடியில் வந்து நின்றது.

எடுத்தேன். கனத்தது.
காலையில் பிடித்த தண்ணீர்
மூடிவரை அப்படியே இருந்தது.
"ஏன் பாப்பா, குடிக்கலையா?"
அவள் என்னைப் பார்க்கவில்லை.
மைதானத்து மூலையைப் பார்த்தாள்.
கழிப்பறை.
அதற்கு இன்னொரு நாலு படி.

அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை
என்று சொன்னால் அது கதை.
நன்றாகத் தின்றேன், தூங்கினேன்.
நாலு மணிக்கு ஒன்றுக்குப் போக எழுந்தேன்.
போய்விட்டு வந்து படுக்க முடியவில்லை.

ஓரடி ஏறப் பன்னிரண்டடி போகணும்.
எஸ்தர் டீச்சர் சொன்ன கணக்கு.
இரண்டடிக்கு இருபத்து நாலு.
கணக்கு வராதென்று
என் முதுகில் பிரம்பு ஒடிந்த
அதே வகுப்பின் வாசல்.

ஞாயிற்றுக்கிழமை சம்மட்டி எடுத்தேன்.
மஞ்சள் பெயிண்ட் சில்லுசில்லாய்ப் பறந்தது.
போன் வந்தது.
"பில் பாஸாயிருச்சுய்யா, உடைக்க நீ யாரு?"
"கட்டுனவன்."

திருமங்கலத்துக் கல்யாண மண்டபத்தில் மிஞ்சிய மணல்.
டீச்சர் காசில் இரண்டு மூட்டை சிமெண்ட்,
வாலாந்தூர்க் கடையில் கடனாய் ஒன்று.
பதினைந்தடியில் சுற்றுச்சுவர் மறித்தது.
மறிக்கட்டும் என்று திருப்பினேன்.
திரும்பிய பக்கம்
கழிப்பறைக்கும் ஒரு கிளை பிரித்தேன்.

இருபது வருஷமாய்
குமிழி நடுவில் நின்றால்தான் வேலை
என்று பழகிய கண்.
இந்த வேலைக்கு அது
நடுவைவிட்டு ஒரு மயிரிழை நகர வேண்டும்,
இருபத்து நாலு அடிக்கும் அதே மயிரிழை.
இதைவிடச் சிரமமாய்
நான் எதையும் கட்டியதில்லை.
பளபளப்பு வேண்டாமென்று
ஈரச் சிமெண்டில் துடைப்பத்தால் கோடு இழுத்தேன்.

இரண்டு வாரம் தண்ணீர் ஊற்றி ஆறவிட்டு
மாதங்கியை வரச் சொன்னோம்.
பையன்கள் கை நீட்டினார்கள்,
"விடுங்கடா" என்றாள்.
சக்கரத்தைத் தானே உந்தினாள்.
கழுத்து நரம்பு புடைத்தது.
திருப்பத்தில் சிக்கி
முன்னே பின்னே நகர்த்தி
விரல் முட்டி சுவரில் உரச
மேலே போய் நின்றாள்.

கைதட்டியதை அவள் கவனிக்கவில்லை.
முட்டியை ஊதிக்கொண்டே என்னைக் கூப்பிட்டாள்:
"திரும்புற இடம் பத்தலண்ணே.
இன்னும் ஒரு அடி வேணும்."

டேப்பைப் போட்டுப் பார்த்தேன்.
ஆமாம், ஒரு அடி.

சுண்ணாம்புக் கட்டியால் நான் கோடு போடும்போது
அவள் பாட்டிலைத் திறந்து
கடகடவென்று குடித்துக்கொண்டிருந்தாள்.