ஒரு முழம்

காலை ஆறு ஐம்பது, சேலம் – ஏற்காடு வண்டியில்
ஏதோ ஒரு வெள்ளைப் பூ ஏறுகிறது.
எந்த நிறுத்தத்தில் என்று தெரியவில்லை.
அஸ்தம்பட்டியில் இருக்கிறது.
கோரிமேட்டில் கல்லூரிப் பெண்கள் இறங்கிய பிறகும் இருக்கிறது.
அடிவாரத்தில் டீ குடிக்க எல்லோரும் இறங்கும்போது மட்டும்
காணாமல் போய்
முதல் கொண்டை ஊசியில் திரும்பி வருகிறது.

மல்லிகை இல்லை.
மல்லிகை வந்ததும் பெயரைச் சொல்லிவிடும்.
சம்பங்கி ஒரு கல்யாண மண்டபத்தையே கூட்டிக்கொண்டு வரும்.
இது,
யாரோ பூ வைத்துப் படுத்த தலையணை உறையைத்
துவைத்துக் காயப்போட்ட பிறகும்
கொஞ்சம் மிச்சமிருக்குமே,
அந்த அளவு.

எனக்கு ஏற்காடு தபால் ஆபீசில் வேலை.
நாள் முழுக்க முத்திரை மை, கோந்து, ஈரக் குடை.
மூக்குக்கு வேறு பொழுதுபோக்கு கிடையாது.

முதலில் சாரதாமணி டீச்சரைச் சந்தேகப்பட்டேன்.
ஒரு வாரம் ஒட்டியே உட்கார்ந்தேன்.
தைலம்.
பாங்கில் வேலை பார்க்கும் கிளாடிஸ் இருக்க முடியாது;
அவள் சென்ட், பஸ் நிற்கும் முன்பே ஏறி
கைக்குட்டை போட்டு இடம் பிடித்துவிடும்.

பங்குனியில் ஒரே ஒரு மழை.
எட்டாம் நாள் மலை முழுக்கக் காப்பி பூத்துவிட்டது,
கிளை கிளையாய்ச் சோறு கொட்டினாற்போல்.
அந்த மூன்று நாளும் நான் துப்புத் துலக்கவில்லை.
எது வெளியே, எது உள்ளே
என்று யாரால் சொல்ல முடியும்?
நான்காம் நாள் தோட்டமெல்லாம் பழுப்பு.
பஸ்ஸுக்குள் மட்டும் அந்த ஒன்று
அதே அளவில், அவசரமில்லாமல்.

பதிமூன்றாவது வளைவு.
மேலிருந்து ஒரு கார் வளைவை மறந்து வந்தது.
டிரைவர் ஜன்னலுக்கு வெளியே கை நீட்டி
நில் என்றார்.
காற்று அந்தக் கையைத் தொட்டுவிட்டு
உள்ளே நுழைந்து
என்னைத் தாண்டிப் போனது.

கையா!

காக்கிச் சட்டை. பெயர்ப்பட்டையில் அர்த்தநாரி.
ஐம்பது வயதிருக்கும், மீசையில் பாதி நரை.
ஸ்டியரிங் முழுசாகச் சுற்றும்போதெல்லாம்
மணிக்கட்டு ஒருமுறை மேலே வந்து போகிறது.
இருபது வளைவு, இருபது முறை.
இத்தனை மாதம்
எண்களை மட்டும் எண்ணிக்கொண்டு வந்திருக்கிறேன்.

ஏரிக்கரையில் வண்டி காலியானதும் கேட்டேவிட்டேன்.
அவர் வெட்கப்படவில்லை.
“வாந்திக்குங்க.
எலுமிச்சம்பழம் வெச்சுப் பார்த்தேன், ஊதுவத்தி வெச்சுப் பார்த்தேன்.
கும்முனு மணக்கறது எதுவும்
பத்தாவது வளைவு தாண்டாதுங்க,
எல்லாருக்கும் ஜன்னல் வேணும்.
இது ஒரு முழந்தான் வருது.
அது பாட்டுக்கு உக்காந்துக்கும்.”

சின்னக் கடை வீதியில் வாங்கினாராம்,
இருநூற்று நாற்பது ரூபாய்.
பொம்பளைப் படம் போட்ட அட்டையைக்
கடை வாசலிலேயே கிழித்துப் போட்டாராம்.

முழம் என்ற சொல் நாள் முழுக்க என்னோடு இருந்தது.
பூக்காரி கணக்கு:
முழங்கையிலிருந்து விரல் நுனி வரை.
மணியார்டர் தாள்களின் மேல்
என் கையை வைத்து ஒருமுறை அளந்துகூடப் பார்த்தேன்.

வாந்திக்குத்தான். நம்பினேன்.

போன ஞாயிறு, சூரமங்கலம் உழவர் சந்தை.
எனக்கு முன்னால் கட்டம் போட்ட சட்டை ஒன்று
குத்துக்காலிட்டுக்
கத்தரிக்காயை ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தது.
தராசுத் தட்டுக்கு நீண்ட கை
என் பக்கமாகத் திரும்பியது.

மலை இல்லை. பஸ் இல்லை.
வாந்தி எடுக்க ஒருவரும் இல்லை.

நான் கூப்பிடவில்லை.
பக்கத்துக் குவியலில் தக்காளி பொறுக்கினேன்,
ஒரு முழத்துக்குள்ளேயே நின்று,
வேண்டியதைவிட அரைக் கிலோ அதிகமாக.