தர்மபுரியில் கோதாவரி

பென்னாகரம் ரோட்டில் டயர்க்கடைக்கு மேலே
எங்கள் அறை.
கீழே ஒரு பஞ்சர் ஒட்டி முடிப்பதற்குள்
மேலே இரண்டு போர் முடிந்துவிடும்.

கட்டற்ற கலைக்களஞ்சியத்தை
மொத்தமாக இறக்கினோம்.
பதினோரு மணி நேரம்.
ஒன்பதாவது மணியில் கரண்ட் போய்
திரும்ப முதலிலிருந்து.
பிறகு சலித்தோம்:
ஆண்டு, மாதம், நாள், இடம், நடந்தது, சான்று.
ஆறு கட்டம். ஆறிலும் உட்காராதது
கீழே உதிரும்.

முதல் வாரம் எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது.
இரண்டாம் வாரம், திங்கட்கிழமை,
தர்மபுரிக்குள் கோதாவரி புகுந்தது.

வரைபடத்தில் புள்ளி நான்கு ரோட்டில் நிற்கிறது.
கோயில் படி வரை வெள்ளம் என்கிறது கட்டுரை.
தேதி சுத்தம். சான்று சுத்தம்.
குடத்துக்கு இவ்வளவு என்று
காசு கொடுத்துத் தண்ணீர் பிடிக்கிற ஊரில்
ஒரு நொடி
ஜன்னலுக்குப் போய் எட்டிப் பார்த்தேன்.
பொய் சொல்லவில்லை.

மாதேஷ் சிரித்தான்.
"தெலங்கானாவுல ஒரு தர்மபுரி இருக்குதக்கா.
பேரு ஒண்ணு, ஊரு வேற."

திருத்த ஒரு வரி போதும்:
மாநிலம் பொருந்தாவிட்டால் தள்ளு.
தள்ளினேன்.
நதி சத்தமில்லாமல் வடக்கே போனது.
அன்று ஒகேனக்கல் குழாய்க்கு எங்கள் தெரு முறை.
வரவில்லை.
அதைச் சேர்க்கச் சான்று இல்லை.

அடுத்த தொல்லை, 'ஏறத்தாழ'.
இயந்திரத்துக்கு ஏறத்தாழ தெரியாது.
ஏறத்தாழ ஆறாம் நூற்றாண்டு என்றால்
ஐந்நூற்றொன்று, ஜனவரி ஒன்று
என்று எழுதிக்கொள்கிறது.
பிறந்தநாள் தெரியாத பிள்ளைக்கெல்லாம்
ஜூனில் ஒரு தேதி போட்டுச் சேர்த்துக்கொண்ட
எங்கள் ஹெட்மாஸ்டரைப் போல.
(என் தேதியும் அவர் போட்டதுதான்.
இன்றும் அன்றைக்குத்தான் கேக் வெட்டுகிறார்கள்.)
எண்ணிப் பார்த்தோம்:
ஜனவரி ஒன்றாம் தேதியில் மட்டும்
நாலாயிரத்துச் சொச்சம் பேர்
செத்துக் கிடந்தார்கள்.

அவர்களைப் பிரித்துக்கொண்டிருந்தபோதுதான்
அந்தக் கல்.

மூன்று வரிக் கட்டுரை, படம் இல்லை.
அரூர் பக்கம், கேழ்வரகுக் கொல்லை நடுவே நடுகல்.
இன்ன மன்னருக்கு யாண்டு பதினெட்டாவது,
தொறு மீட்டுப் பட்டான் கொற்றந்தை.
மன்னர் பெயர் இருந்த இடம் உடைந்துவிட்டது.
யாருடைய பதினெட்டு?

ஆண்டு காலி. மாதம் காலி. நாள் காலி.
ஆள் பெயர் இருக்கிறது.
மாடுகள் வீடு திரும்பிவிட்டன.
ஆண்டில்லாத வரி நிற்கக்கூடாது
என்ற விதியை எழுதியது நான்தான்.

"விடுங்கக்கா. இந்த மாதிரி முந்நூறு இருக்கும்.
மொத்தமா அழிச்சிடலாம்."

மாதேஷ் கடைசி பஸ்ஸுக்குப் போன பிறகு
ஆண்டு என்ற கட்டத்தை
இரண்டாக வெட்டினேன்:
இதற்கு முன் இல்லை.
இதற்குப் பின் இல்லை.
எழுத்தின் வடிவத்தை வைத்து
ஐந்நூறு முதல் எண்ணூறு வரை
என்று கட்டுரையில் ஒரு அடிக்குறிப்பு.
போட்டேன்.
சாவதற்கு
முந்நூறு வருடம் கொடுத்தேன் அவனுக்கு.

சோதித்துப் பார்க்க அறுநூற்று நாற்பதைக் கேட்டேன்.
வந்தான்.
எழுநூற்றுப் பன்னிரண்டைக் கேட்டேன்.
வந்தான், அம்பு பாய்ந்தபடி,
முன்னால் மாடுகளை விட்டுக்கொண்டு.
எந்த வருடத்தைத் தட்டினாலும்
அந்த வருடம் மீட்டுக்கொண்டிருக்கிறான்.

காலையில் மாதேஷ்
ஹெல்மெட்டைக் கழற்றாமலே திரையைப் பார்த்தான்.
"அக்கா, ஒரே ஆளு முந்நூறு தடவை வர்றான்."

பிழைப் பட்டியலில் எழுதி வை,
வெள்ளிக்கிழமை பார்க்கலாம் என்றேன்.
எந்த வெள்ளி என்று
அவன் கேட்கவில்லை.