நாற்காலிக்கு மூக்கு துடைத்தவள்

யமகத்தாவில் ஜூலை.
மழைக்காலம் இன்னும் மூட்டை கட்டவில்லை.
மூன்றாம் மாடி, அறை எண் 304.
விசிறி ஒரு பக்கம்தான் திரும்புகிறது,
அதுவும் மியாவாகி பக்கம்.

எங்கள் முன்னால் இரண்டு நாற்காலிகள், காலி.
மூன்று வயதுப் பிள்ளைகள் அதில் உட்கார்ந்திருப்பதாக
எண்ணிக்கொள்ள வேண்டும்.
அவர்களுக்குக் கதை சொல்ல வேண்டும், மூன்றே நிமிடம்.
கையில் பொம்மை கூடாது, புத்தகம் கூடாது.

காலையிலிருந்து பதினேழு பேர்.
பதினேழு பேரும் ஒரே இடத்தில் புன்னகைத்தார்கள்.
பயிற்சி மையத்துக்காரன் எங்கே மூச்சு விடச் சொன்னானோ
அங்கே மூச்சு விட்டார்கள்.
குறை சொல்ல ஒன்றுமில்லை.
நாற்காலிகளும் சொல்லவில்லை.

பதினெட்டாவது ஆள் நுமாஜிரி சிகுசா.
காப்பகத்தில் ஒன்பது ஆண்டாக உதவியாளர், உரிமம் இல்லை
என்று விண்ணப்பம் சொன்னது.
எழுத்துத் தேர்வின் ஒன்பது தாள்களை
மூன்று ஆண்டில், தவணைக் கடன் மாதிரி
அடைத்து முடித்திருக்கிறாள்.
வலது முழங்கைக்குக் கீழே பல் தடம், புதிது.
சின்ன வாய்.

ஒற்றைக் காலுறையைத் தொலைத்த கரடியின் கதை.
ஆரம்பம் சுமார்தான்.
கரடிக்கென்று குரல்கூட மாற்றவில்லை.
ஒரு நிமிடம் நாற்பது நொடியில் சட்டென்று நிறுத்தினாள்,
மறந்துவிட்டாள் என்று நினைத்தேன்.
முழந்தாளிலேயே நகர்ந்து இடது நாற்காலிக்குப் போய்
பையிலிருந்து டிஷ்யூ உருவி
இல்லாத மூக்கொன்றைத் துடைத்தாள்,
ஒவ்வொரு துளையாக.
"ஊது. இன்னும் கொஞ்சம். ம், வந்துடுச்சு."
ஈரப் பக்கம் உள்ளே போகிற மாதிரி மடித்தாள்.
பிறகு வலது நாற்காலியிடம்,
"தள்ளாதே. கரடி உனக்கும்தான்."

மணி அடித்தது.
கரடிக்குக் காலுறை கிடைக்கவில்லை.

படிவத்தில் நான்கு கட்டங்கள்:
உச்சரிப்பு, முகபாவம், கதையின் கட்டு, நேரம்.
மூக்குக்குக் கட்டம் இல்லை.
"முடிக்கவில்லையே," என்றார் மியாவாகி.
உண்மைதான், முடிக்கவில்லை.

தேர்வை ஏசுகிறவள் இல்லை நான்.
என் முதல் காப்பகத்தில் ஒருத்தி இருந்தாள்,
அவள் முதுகு தடவினால் எந்தப் பிள்ளையும் தூங்கும்.
ஏழு மாதக் குழந்தையின் இருமலுக்கு
விரல் நுனியில் தேன் எடுத்துக்கொண்டு போனாள், அவ்வளவு அன்போடு.
பாய்ந்து போய்க் கையைப் பிடித்தேன்.
பிடித்தது நான் என்று சொல்ல முடியாது.
எப்போதோ, அரைத் தூக்கத்தில் நெட்டுருப் போட்ட
ஒரு கேள்வி, நான்கு விடைகளில் மூன்றாவது.
கைக்குத் தெரியாததும் உண்டு.

ஆனால் தாளுக்கு என்று ஆரம்பித்து
நிறுத்திக்கொள்கிறேன்.
இவ்வளவு சுலபமாக நாக்குக்கு வரும் வாக்கியத்தை
நம்பி மதிப்பெண் போட முடியாது.

ஐம்பதுக்கு முப்பது வந்தால் தேர்ச்சி.
கூட்டினேன், இருபத்தெட்டு.
கீழிருந்து மேலாகக் கூட்டினேன், அதே இருபத்தெட்டு.
ஒன்று யோசித்தேன்:
அவள் நடித்திருக்கலாம்.
அப்படியானால் பதினெட்டு பேரில்
நன்றாக நடித்தவள் அவள்தான், அதற்காவது இரண்டு.
நடிக்கவில்லை என்றால்
இரண்டு போட எனக்கு என்ன அருகதை.

அவள் குனிந்து வணங்கினாள்.
கதவுவரை போய்த் திரும்பி வந்து
இரண்டு நாற்காலிகளையும் ஒரு சாண் விலக்கி வைத்துவிட்டுப் போனாள்,
சண்டை வராதிருக்க.

பத்தொன்பதாவது ஆள் உள்ளே வந்து
புன்னகைக்க வேண்டிய இடத்துக்காகக் காத்திருக்கிறார்.
நாற்காலிகளைப் பழைய குறிக்கு நகர்த்த வேண்டும், அது விதி.
மியாவாகி என்னைப் பார்க்கிறார்.
நான் எழுந்திருக்கவில்லை.
பென்சிலில் எழுதிய இருபத்தெட்டின் மேல்
இன்னும் பேனா வைக்கவில்லை.