தொள்ளாயிரத்து முப்பத்தொன்று

சி-யை நேற்றே முடித்துவிட்டேன்.
டி மட்டும் மிச்சம்.

விளம்பரத்தில் நூற்றிருபது டாலர் போட்டிருந்தேன்.
நூறுக்குக் கேட்டு நூற்றுப்பத்துக்கு இறங்கி வந்த மன்கீரத்
வின்னிபெக்கின் மைனஸ் முப்பத்தொன்றில்
இரண்டு பேருந்து மாறி வந்து
வாசல் மிதியடியில் பூட்ஸோடு நிற்கிறான்.
மீசையில் பனி. கையில் பழைய போர்வை,
பெட்டியைச் சுற்றிக்கொண்டு போக.

"அஞ்சு நிமிஷம்" என்றேன்.

திரையில் சின்னச் சதுரத்துக்குள் ஒரு டிக் இருந்தது:
விரைவு ஃபார்மட்.
அது எதையும் அழிப்பதில்லை.
குடியிருப்போர் பட்டியலைக் கிழித்துப் போட்டுவிட்டு
வீடெல்லாம் காலி என்று அறிவிக்கும், அவ்வளவுதான்.
உள்ளே ஆட்கள் அப்படியே இருப்பார்கள்,
விளக்கை அணைத்துக்கொண்டு,
புதிதாக ஒருவர் வந்து
மேலேயே உட்காரும்வரை.

டிக்கை எடுத்தேன்.
"மூணு மணி நேரம் ஆகும்."
அவன் பூட்ஸைக் கழற்றினான்.

ஒதுக்கீட்டு அலகு எவ்வளவு என்று கேட்டது பெட்டி.
நாலாயிரத்துத் தொண்ணூற்றாறு பைட்.
அதாவது
அரைப் பக்க விடுப்புக் கடிதத்துக்கும் ஒரு முழு அறை.
மீதி இடத்தில் வேறு யாரும் குடிவர முடியாது.
ஒரே ஒரு எழுத்து நிரம்பி வழிந்தாலோ
அதற்கென்று இரண்டாவது அறை.
இரண்டு படுக்கையறைக்கு
நான் ஒருத்தி வாடகை கட்டும் ஆறாவது மாதம் இது.
சரி என்று அழுத்தினேன்.

எல்லாம் அழியும் என்றது.
எல்லாம் என்றால்
ஆஸ்டின் அனுப்பிய இருநூற்றுப் பதினோரு வேலை விண்ணப்பங்கள்,
"கடைசி", "கடைசிக்கும் கடைசி", "சத்தியமா கடைசி"
என்றெல்லாம் பெயர் வைத்தவை.
மூன்று வருட வரிக் கணக்கு.
கிம்லி ஏரிக்கரைப் படங்கள், பாதியில் அவன் கட்டைவிரல்.
பிறகு "புதிய கோப்புறை (4)".
அதை நான் திறக்கவில்லை.
(1), (2), (3) திறந்திருக்கிறேன்.

ஒரு விழுக்காடு.
தட்டு சுழலும் சத்தம்,
பக்கத்து வீட்டில் யாரோ அரிசி களைவதுபோல.

டீ போட்டேன். என்ன படிக்கிறாய் என்றேன்.
குளிர்பதன இயந்திரப் பழுதுபார்ப்பு என்றான்.
இந்த ஊரிலா?
எல்லாரும் இதைத்தான் கேட்கிறார்கள் என்று
சிரிக்காமல் சொன்னான்.
பதினெட்டில் அவன் அக்காளுக்குத் தொலைபேசி.
முப்பதில் கால்கள் சூடாகி, பேச்சு குறைந்தது.
நாற்பதில் சோபாவில் தூங்கிப்போனான்,
ஆஸ்டின் தலை வைக்கும் பக்கம் கால் நீட்டி.
எழுப்பவில்லை.
ஜன்னலுக்கு வெளியே பனி வாரும் வண்டி
ஒருமுறை போய்
அதே தெருவில் மறுபடியும் வந்தது.

நூறு.

மன்கீரத் கண்ணைத் துடைத்துக்கொண்டு
திரைக்குக் கிட்டே குனிந்தான்.
"ஒரு டெராபைட் என்றுதானே போட்டிருந்தீர்கள்?
தொள்ளாயிரத்து முப்பத்தொன்று ஜிபிதான் காட்டுது.
மிச்சம் எங்கே?"

யாரும் எடுக்கவில்லை தம்பி.
விற்பவன் ஆயிரம் ஆயிரமாக எண்ணுவான்.
பெட்டி ஆயிரத்து இருபத்துநாலாக எண்ணும்.
அந்த அறுபத்தொன்பது
வாங்கின நாளிலேயே இல்லை.

சொல்லி முடித்ததும்
யாரோ என்னிடம் சொன்னதுபோல் இருந்தது.

அவன் விடவில்லை.
"காலிதானே? அப்புறம் ஏன்
கொஞ்சம் பயன்பாட்டில் இருக்கு என்று காட்டுது?"

காலியைக் கணக்கு வைக்கவும் கொஞ்சம் இடம் வேண்டும்.

பத்து டாலர் குறைத்துக்கொண்டேன்.
குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கிக்கொண்டு போனான்,
போர்வைக்கு வெளியே
வயர் ஒன்று பனியில் இழுபட.

ஒரே ஒரு கோப்பை மட்டும்
முன்பே பென் டிரைவில் எடுத்து வைத்திருந்தேன்.
காரின் இன்ஜின் ஹீட்டருக்கு உத்தரவாதச் சீட்டு.
ஆஸ்டின், பெனிட்டா,
இருவர் பெயரிலும் இருக்கிறது.
வருகிற மார்ச்சுக்கு அடுத்த மார்ச் வரை செல்லும்.