நூறு மில்லிமீற்றர்

ஒரு முனையில "நோவே இல்லை".
மற்ற முனையில "தாங்கேலாத நோ".
நடுவில ஒரு கோடு, நூறு மில்லிமீற்றர்.
இண்டைக்கு எதில நிக்கிறியளோ
அதில குறுக்கால ஒரு கீறு போடுங்கோ எண்டு
யூடித் மிஸ் பேனையைத் தந்தா.

நான் நில அளவைக் கந்தோரில படம் கீறுறவள்.
இருபத்தொரு வருசம் மற்றாக்களின்ர எல்லையளைக் கீறின விரல்
இப்ப வாழைப்பிஞ்சாய் வீங்கி நிக்குது.
பழக்கதோசம்,
கைப்பைக்குள்ள கிடந்த அடிமட்டத்தை எடுத்து அளந்தன்.
தொண்ணூற்றேழு.
போட்டோக்கொப்பி அடிச்சதில கோடு சுருங்கிப்போச்சு.
"அப்ப மிச்சம் மூண்டு மில்லிமீற்றர் நோவை
ஆர் பொறுப்பெடுக்கிறது மிஸ்?"
அவ சிரிக்கேல்லை. குறிச்சு வைச்சா.
அடுத்த மாசம் புதுத்தாள், சரியாய் நூறு.

பெரியாஸ்பத்திரி, மூண்டாம் மாடி.
டொக்டர் அறுபத்தெட்டு மூட்டையும்
ஒவ்வொண்டாய் அமத்திக் கேப்பார்.
ஊசிக்குள்ள மருந்தோ, வெறும் உப்புத்தண்ணியோ
அவருக்கும் தெரியாது,
எனக்கும் தெரியாது,
குளிர்ப்பெட்டி தூக்கிவாற பொடியனுக்கும் தெரியாது.

அடுத்த கதிரை பாசையூர்ச் சூசைதாசன்.
எட்டாம் கிழமையே முழங்கைச் செதில் உதிர்ந்து
திரும்ப வலை இழுக்கப் போறாராம்.
நான் கறுப்புச் சீலையை இன்னும் அலுமாரியால எடுக்கேல்லை.
கோண்டாவில் பஸ்ஸில, சனம் நெரிஞ்சு நிண்டாலும்,
எனக்குப் பக்கத்துச் சீற் காலியாய்த்தான் வருது.
உனக்குத் தண்ணிதானடி எண்டு
மனம் தீர்ப்பெழுதிப் போட்டுது.

பன்னிரண்டாம் கிழமை.
"எப்பிடி இருக்கிறியள்?"
ஆர் கேட்டாலும் எங்களிட்ட ஒரு மறுமொழிதானே,
கூரை இல்லாமல் படுத்த காலத்திலயும் சொன்னது:
பறவாயில்லை.
நாக்கு நுனிவரை வந்திட்டுது.
யூடித் மிஸ்ஸுக்காக ஒரு பத்து மில்லிமீற்றர்
இடப்பக்கம் தள்ளிப் போடுவமோ எண்டு
கையும் யோசிச்சுது.
பாவம், அவவுக்கும் ஒரு நல்ல சேதி வேணுமே.

ஆனால் அந்தக் கோட்டில
பறவாயில்லைக்கு இடம் விடேல்லை.
எல்லைக்கல்லு ஒரு சாண் தள்ளி நட்டதுக்கு
ரெண்டு தலைமுறை கோடேறின குடும்பங்களின்ர படத்தை
நான்தான் திருப்பித் திருப்பிக் கீறினனான்.

கண்ணளவில எழுபத்தொண்டு.
போட்டன்.
கீறு கோணல். இடம் சரி.

பிறகு சட்டைக்கையை மடிச்சு
மற்றக் கையை நீட்டினன்,
அடுத்த ஊசிக்கு.