சவமாக நடித்தவனின் வாக்குமூலம்

நான்தான் அந்தச் சவம்.
முதல் நிமிடத்தில் செத்து
கடைசிவரை அடக்கம் செய்யப்படாமல் கிடந்தவன்.

சம்பளம் ஆயிரத்து ஐந்நூறு,
மத்தியானம் ஒரு முட்டைக் கொத்து.
திருக்கடலூரில் ஐஸ் போடும் கொட்டிலில்
சூரை மீன்களுக்கு நடுவே என்னைக் கிடத்திவிட்டு
"மூச்சு விடாதை" என்றான் இயக்குநர் கிருபைநாதன்.
மீன்கள் என்னைவிட நன்றாக நடித்தன.

படத்தின் பெயர் 'த்தூ'.
துப்பறிபவன் வெற்றிலை போடுகிறவன்.
துப்புவான், மறப்பான்,
திரும்பி வந்து பார்த்து "ஐயோ ரத்தம்!" என்பான்.
பூதக்கண்ணாடியோடு தன் எச்சிலைத் தானே பின்தொடர்ந்து
பஸ் நிலையம், மீன் சந்தை, உட்துறைமுக வீதி,
ஊர் முழுக்கக் கொலைகாரனைத் தேடுவான்.
கோணேசர் கோயிலுக்கு ஏறும் பாதையில் மட்டும்
மடக்கென்று விழுங்கிவிட்டான் லூர்துநாயகம்.
கதையில் இல்லாத பக்தி.
அன்று பின்னேரம் முழுக்க அவனுக்கு விக்கல்.

கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறு,
ஏழு சந்தேக நபர்கள்.
ஆளுக்கொரு கிணற்றடியில் நிறுத்தி
வாளி வாளியாய் ஊற்றி விசாரணை.
ஆறாவது ஆள் கண்ணை மூடிக்கொண்டு
"முதுகிலையும் கொஞ்சம்" என்றான்.
உண்மை வரவில்லை, சவர்க்காரம் கேட்டார்கள்.

பத்தொன்பதாவது காட்சியில்
சவத்துக்கு வாயு பிரிந்தது.
அது திரைக்கதையில் இல்லை,
கொத்தில் இருந்தது.
லூர்து குனிந்து மோந்து பார்த்து
"இறந்து ஆறு மணித்தியாலம்" என்றான், சிரிக்காமல்.
கிருபை அதை வெட்டவேயில்லை.

கொலைகாரன் யாரென்று எழுதியிருந்த கடைசித் தாளை
கோட்டை வாசலில் ஒரு புள்ளிமான் தின்றுவிட்டது.
பிரதி கிடையாது.
கிருபை தலையில் கைவைத்துக்கொண்டு
அது மென்று முடிக்கும்வரை பார்த்தான்.
பிறகு கமராவை அதன் முகத்துக்குத் திருப்பினான்.

உப்புவெளி மண்டபத்தில் வெள்ளை வேட்டி கட்டிக் காட்டினோம்.
ருசி கெட்ட படம் என்று
முதல் வரிசையில் இருந்த பெரிய மனிதர்கள் எழுந்து போனார்கள்.
நல்லதாய்ப் போயிற்று,
பின்னால் நின்றவர்களுக்குக் கதிரை கிடைத்தது.

நாலாம் நாள் சிவில் உடையில் இருவர் வந்தார்கள்.
டச்சுக் குடாக் கடற்கரையில் சிவப்புக் கறை,
சாக்கில் ஒரு ஆளைத் தூக்கிப் போனதாய் முறைப்பாடு.
"சவம் எங்கே?"
"நான்தான் ஐயா."
இருவரும் ஆளையாள் பார்த்துக்கொண்டார்கள்.
மேற்படி சவம் நானே என்றும்
இன்றுவரை இறக்கவில்லை என்றும்
எழுதி வாசித்துக் காட்டினார்கள்.
கையொப்பமிட்டேன். ஒரு பிரதி தந்தார்கள், முத்திரையோடு.

அப்படி ஒரு தாளுக்குத்தான்
பின் ஒழுங்கை மங்கையற்கரசி அக்கா
பதினெட்டு வருசமாய்க் கந்தோர் கந்தோராய் ஏறி இறங்குகிறா.
அவவின் மனிசனுக்கு.
இருக்கிறார் என்றோ இல்லை என்றோ,
ஏதோ ஒன்று.
அவவும் படத்துக்கு வந்திருந்தா.
வாயு பிரிந்த இடத்தில்
முன்கதிரையைப் பிடித்துக்கொண்டு
கண்ணீர் வரச் சிரித்தா.
இப்போது சந்தியில் அவவைக் கண்டால்
ஏனோ மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன்,
கமரா ஓடுகிற மாதிரி.

போகும்போது பெரியவர் குரலைத் தாழ்த்தி
"அப்ப, கொன்றது ஆர்?" என்றார்.
"மான்."
கொப்பியை மறுபடி திறந்து
அதையும் எழுதிக்கொண்டார்.
என் படலையடியில் நின்று
காறித் துப்பிவிட்டு மோட்டார் சைக்கிளில் ஏறினார்.

சிவப்பு.

பக்கத்து வீட்டு அஸ்மிர், ஒன்பது வயது,
ஓடி வந்து அதைச் சுற்றிச்
சோக்கால் ஒரு வட்டம் போட்டான்.
"மாமா, நீங்கள் படுங்கோ" என்றான்.